கழுத்துக் கிண்ணி

4-1-37, திங்கள்

சோப்புக் கம்பெனி ஏஜெண்டு புது வருஷத்துக்கு ஒரு டைரி கொடுத்துவிட்டுப் போனான். மிஷன் பள்ளியில் படித்த ஐந்தாவது வகுப்புப் படிப்பு வீணாகப் போக வேண்டாமே என்று எழுத ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் துளசிங்கம். வாலாஜாபேட்டை பஜார் தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி. முதல் நாற்காலி என்னுடையது. இரண்டாவதில் என் மனைவியின் தம்பி சிகாமணி வேலை செய்கிறான். கத்தி, கத்தரி வைக்கும் அடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புழக்கடையில் காத்து நின்ற காலம் போய்விட்டது. இப்போது ஆட்கள் நம்மைத் தேடி வந்து உட்காருகிறார்கள். பழைய பெரிய வீடுகள் சிலவற்றுக்கு மட்டும் இன்னும் போய்வருகிறேன்.

படிகாரக் கட்டி அதற்குள் தீர்ந்துவிட்டது. மட்டமான சரக்கு. தொட்டாலே கரைகிறது.

9-1-37, சனி

நல்ல கும்பல். மிஷன் பள்ளி டிரில் மாஸ்டர் சாமுவேல் வந்தார். கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. பனியில் தோல் வறண்டு கிடக்கிறது, கத்தியும் புதிது. நான் கேட்பதற்கு முன்பே சிகாமணி படிகாரத்தை நீட்டினான். இவனுக்கு முதல் நாற்காலி மேல் ஒரு கண் இருக்கிறது.

12-1-37, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. யாரும் வரவில்லை. கத்திகளைத் தீட்டி வைத்தேன்.

18-1-37, திங்கள்

பொங்கல் கும்பல் ஓய்ந்தது. பித்தளைக் கிண்ணியை மாற்றியாக வேண்டும். இடது கையில் பிடித்துக்கொண்டு சோப்பைக் குழைத்தால், பிரஷ் காம்பு விளிம்பில் பட்டுக் கிணுகிணு என்று சத்தம் வருகிறது. இத்தனை வருஷமாக இல்லாத சத்தம். பித்தளை தேய்ந்து மெலிந்துவிட்டது போலிருக்கிறது.

இன்று ஸ்டாம்பு வெண்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். கிண்ணியைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். பூஜை நடக்கிறதா என்று கேட்டார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி எத்திராஜம் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, ஆற்றங்கரை ஜாடிக் கம்பெனியில் தேவசகாயம் என்று சக்கரம் சுற்றுகிறவர் இருக்கிறார், அவர் மனைவிக்குப் போன மழைக்காலத்தில் நான்தான் பிரசவம் பார்த்தேன், கனமாக ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

26-1-37, செவ்வாய்

ஜாடிக் கம்பெனிக்கு நடந்தே போய்வந்தேன். ஊறுகாய் ஜாடி, திராவக ஜாடி, சாக்கடைக் குழாய் எல்லாம் செய்து ரயிலேற்றுகிறார்கள். அவர்கள் சூளையோடு பார்த்தால் நம் பானைச் சூளை விளையாட்டுச் சாமான். நன்றாகக் கனன்று வரும் சமயம் பார்த்து உப்பை வாரி உள்ளே வீசுவார்களாம். அந்தப் புகை படிந்து மேலே கண்ணாடி போல மெருகு ஏறுகிறது. மண் என்றுதான் பெயர், தொட்டால் கல். தண்ணீர் இறங்காது, அழுக்குப் பிடிக்காது.

தேவசகாயம் என்னைவிட இளையவர். நான் வந்ததில் ஆச்சரியம் காட்டவில்லை. அடி அகலமாக, கனமாக, பிரஷ் பட்டால் சத்தம் வராத மாதிரி ஒரு கிண்ணி வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு பழைய கிண்ணியை எடுத்துக் காட்டினார். பழுப்பு நிறம், உள்ளே ஒரு வெடிப்பு. தட்டு மாதிரி அகலம். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோல வெட்டு. வெள்ளைக்காரப் பட்டாளத்து நாவிதர்களுக்காக அந்தக் காலத்தில் இதே கம்பெனியில் செய்ததாம்.

"வெட்டு இருக்கிற பக்கத்த கழுத்துல பொருத்திக்கினு, உக்கார்றவரே ரெண்டு கையால புடிச்சிக்குவாரு. உங்க கை ரெண்டும் சும்மா இருக்கும்ணே" என்றார்.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. இதையே நம் ஆட்களுக்கு ஏற்றபடி செய்தால் என்ன? அடியைக் கனமாக்கி, நடுவில் சோப்பு நிற்க ஒரு குழி வைத்து, பிடிக்க இரண்டு பக்கமும் காது வைத்து. தரையில் கரியால் வரைந்து காட்டினேன். செய்து பார்க்கலாம் என்றார்.

5-2-37, வெள்ளி

முதல் கிண்ணி சூளையில் வெடித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

16-2-37, செவ்வாய்

இரண்டாவது கோணிப்போனது. மூன்றாவது தேறிவிட்டது. தேவசகாயமே வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சாத்துக்குடித் தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளியோடு தேன் நிறத்தில் மின்னுகிறது. பிறை வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கும் சொரசொரப்பு இல்லை. தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்தால் அசையவே இல்லை. பிரஷ் பட்டால் டொக் என்கிறது, அவ்வளவுதான்.

எத்திராஜம் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்ல வேலை என்றாள். யோசனை என்னுடையது என்று சொன்னேன். ஆமாம் என்றாள்.

20-2-37, சனி

புதுக் கிண்ணியோடு முதலில் உட்கார்ந்தவர் சாமுவேல் மாஸ்டர். அவரே கிண்ணியின் இரண்டு காதையும் பிடித்து, பிறை வெட்டைக் கழுத்தில் பொருத்திக்கொண்டு, பட்டாளத்தில் இப்படித்தான் என்று கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். சோப்புத் தண்ணீர் சட்டையில் சொட்டவில்லை. கத்தியை அலச எட்டிப் போக வேண்டியதில்லை, முகவாய்க்குக் கீழேயே தண்ணீர்.

இதில் இன்னொரு சௌகரியத்தையும் கண்டுபிடித்தேன். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கத்தி ஓட்டினால் வேலை சுத்தமாக வருகிறது. தோலை இழுத்துப் பிடிக்க இடது கை வேண்டாமா என்று கேட்கலாம். கன்னத்தை உப்பிக்கொள்ளச் சொல்கிறேன். புது முறை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள்.

கீறல் ஒன்றுகூட இல்லை.

1-3-37, திங்கள்

அரிசி மண்டி கோவிந்தசாமி முதலியார் சலூனுக்கே வந்திருந்தார். வழக்கமாக வீட்டுக்குத்தான் கூப்பிடுவார். கிண்ணியைக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை.

"உன் ஏனத்த நான் கையில புடிச்சிக்கினு உக்காரணுமா, துளசிங்கம்?"

வெந்நீரில் கழுவியதுதான், பீங்கானுக்குத் தீட்டு ஒட்டாது, துரைமார்களே பிடிக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கப் போனார். சிகாமணி தன்னுடைய பித்தளைக் கிண்ணியோடு வந்து, இந்த நாற்காலிக்கு வாருங்கள் எசமான் என்று அழைத்துப் போய்விட்டான். என் வாடிக்கையை என் கண் முன்னாலேயே.

வீட்டில் எத்திராஜத்திடம் உன் தம்பியின் லட்சணத்தைப் பார் என்றேன். எனக்குக் கோபம் தணியவில்லை. இதோ இப்போதும்.

22-3-37, திங்கள்

ஜாடிக் கம்பெனி மானேஜர் கடைக்கே வந்து கிண்ணியைப் பார்த்துவிட்டுப் போனார். இதேபோல நிறையச் செய்து வேலூர், ஆற்காடு, பட்டணம் என்று சலூன்களுக்கு அனுப்பப் போகிறார்களாம். யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். அதற்குள் பஜார் முழுக்கத் 'துளசிங்கம் கிண்ணி' என்று பெயர் விழுந்துவிட்டது.

முதலியார் மாதிரி இன்னும் சிலர் பிடிக்க மறுக்கிறார்கள். அவர்கள் சிகாமணியிடம் போகிறார்கள். போகட்டும்.

11-4-37, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. சாப்பிடும்போது ரசம் மடியில் கொட்டிவிட்டது. எத்திராஜம் தட்டை எடுத்துக்கொண்டு போய், சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். ராணிப்பேட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். பேச்சை விட்டுவிட்டாள்.

3-5-37, திங்கள்

முதலியார் ஆளனுப்பினார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காஞ்சிபுரத்துப் பிள்ளை. மாப்பிள்ளைச் சவரம் பரம்பரையாக நாங்கள் செய்வது. என் அப்பா முதலியாருக்குச் செய்தார். எனவே என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். கிண்ணி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சிகாமணி அன்று கூட வருகிறேன் மாமா என்றான். எதற்கு என்றேன். வெந்நீர் எடுத்துக் கொடுக்க என்றான். அந்த வீட்டுச் சடங்கைத் தொட இவன் வழி பார்க்கிறான். வா, ஆனால் கத்தியைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

25-5-37, செவ்வாய்

நாளைக்குச் சவரம். சரியாகத் தூக்கம் வராது போலிருக்கிறது. உஷ்ணம்.

26-5-37, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கியிருந்த சத்திரத்துக்குப் போனோம். முற்றத்தில் மணை போட்டு, சுற்றிலும் உறவுக்காரர்கள். மேளக்காரர்கள் ஒரு மூலையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலியார் தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பெயர் ஞானசம்பந்தம். மெல்லிய உடம்பு, இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கிண்ணியை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கழுத்தில் பொருத்திக்கொண்டார். காஞ்சிபுரத்து சலூன்களிலும் இப்போது இது வந்துவிட்டதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. முதலியாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்புப் போட்டேன். கத்தியை எடுத்து, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதோரம் வைத்தேன். அப்போது கிண்ணியிலிருந்த தண்ணீர் தளும்பி மாப்பிள்ளையின் மடியில் கொட்டியது. மறுபடியும் தளும்பியது. அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயம். கல்யாணப் பயம் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். நிதானமாக இருங்கள் தம்பி என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். என் கத்தி அவர் தோலிலிருந்து ஒரு நெல் தூரத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தும் ஆடியது.

"உங்களுக்கும் நடுங்குதா?" என்றார். யாருக்கும் கேட்காத குரலில்தான் கேட்டார்.

கேலி இல்லை. தன்னைப் போல இன்னொருவனும் இருக்கிறானே என்ற ஆறுதல்தான் அந்தக் குரலில் இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். வெயில் என்றோ, நேற்றுத் தூக்கமில்லை என்றோ சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் கழுத்து என் கைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தது. குரல்வளை ஏறி இறங்குவது தெரிந்தது.

"ஆமா தம்பி. உங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சா நின்னுடும். எனக்கு நிக்காது" என்றேன்.

கத்தியை மடக்கினேன். மடக்குவதற்குக்கூட இரண்டு தடவை ஆயிற்று. சிகாமணி வெந்நீர்ச் செம்போடு என் பின்னாலேயே நின்றிருந்தான். அவனிடம் கத்தியைக் கொடுத்தேன். அவன் வாங்காமல் என் முகத்தையே பார்த்தான். பிடிடா என்றேன்.

முதலியார், என்ன துளசிங்கம், என்ன ஆச்சு என்று கேட்டார். மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் கை சரியில்லைங்க எசமான். இனிமே சிகாமணி செய்வான்."

அவர் எழுந்து வந்தார். என் கைகளைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. உன் அப்பாவுக்கும் கடைசியில் இப்படி இருந்தது, எனக்கு நினைவு இருக்கிறது என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி, கிண்ணியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் காது அவர் கையில். தண்ணீர் ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் கொட்டவில்லை. சிகாமணியின் கத்தி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. இவ்வளவு அருகிலிருந்து அவன் வேலையை நான் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் செய்கிறான்.

முடிந்ததும் வேட்டியும் வெற்றிலையும் தட்டில் வந்தன. என்னை நோக்கி நீட்டினார்கள். செய்தவன் அவன், அவனுக்குக் கொடுங்கள் என்றேன்.

27-5-37, வியாழன்

முகூர்த்தம் நன்றாக நடந்ததாம். நான் கடைக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை.

28-5-37, வெள்ளி

எத்திராஜம் காலையில் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டு வெயிலேறி வந்தாள். ஆண் குழந்தை என்றாள். கை கால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"போன ஆடியிலயே. காப்பி டம்ளர ரெண்டு கையால புடிக்கிற ஆளா நீங்க?"

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிகாமணியிடம், கடையில் என் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி வைத்ததே அவள்தான். கழுத்தில் மரு இருக்கிறவர்களையும் கட்டி இருக்கிறவர்களையும் அவன் ஏதாவது சொல்லித் தன் நாற்காலிக்கு இழுத்துக்கொண்டது அதனால்தான். அன்று முதலியாரை அழைத்துப் போனதும் அதற்காகத்தான். முதலியாருக்கு முகவாய்க்குக் கீழே ஒரு பெரிய மரு இருக்கிறது. எனக்குத் தெரியாதா? தெரியும்.

தேவசகாயத்தின் மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில், அந்தப் பழைய பட்டாளத்துக் கிண்ணியில் மஞ்சள் நீர் கரைத்து வைத்திருந்தார்களாம். இது என்ன ஏனம், ஏன் இப்படி வெட்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர் விவரம் சொன்னதும், என் வீட்டுக்காரர் ஒருநாள் வருவார், வந்தால் இதைக் காட்டுங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நானே யோசித்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மானேஜரிடம் சொல்லியிருக்கிறேன். இவளிடமே சொல்லியிருக்கிறேன். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். வெகுநேரம் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்து, என்னிடம் நேராகச் சொல்வதற்கு என்ன என்று கேட்டேன்.

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2-6-37, புதன்

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இதற்கு மருந்து கிடையாது என்றார். எத்திராஜம் வாசலில் கடலை வாங்கினாள். தின்றுகொண்டே வந்தோம். வழியெல்லாம் அவள்தான் பேசினாள், காலையில் பிறந்த ஏதோ குழந்தையைப் பற்றி.

7-6-37, திங்கள்

கடைக்குப் போனேன். இனி முதல் நாற்காலியில் நீ வேலை செய் என்று சிகாமணியிடம் சொன்னேன். வேண்டாம் மாமா என்று இரண்டாவதிலேயே நின்றான். அப்படியானால் நாற்காலிகளை மாற்றிப் போடு என்றேன். மாற்றிப் போட்டான்.

சோப்புப் போடுவது நான், கத்தி அவன் என்று ஏற்பாடு. பிரஷ் நடுங்கினால் யாருக்கும் ஆபத்து இல்லை. நுரை இன்னும் நன்றாக வருகிறது என்று சாமுவேல் மாஸ்டர் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாலும் அது உண்மை. சோப்பு ஊறட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் மனிதர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். முன்பெல்லாம் கத்தியில் கண்ணாக இருந்ததால் இதையெல்லாம் காதில் வாங்கியதே இல்லை. ஸ்டாம்பு வெண்டருக்கு மகளைப் பற்றிக் கவலை. இத்தனை வருஷம் அவர் முகத்தைத் தொட்டும் இது எனக்குத் தெரியாது.

ஜாடிக் கம்பெனிக்கும் போய், கிண்ணி யோசனை என்னுடையது அல்ல என்று மானேஜரிடம் சொன்னேன். பின்னே யாருடையது என்றார். என் மனைவியுடையது என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. தேவசகாயம் சக்கரத்திலிருந்து தலை நிமிராமலே சிரித்தார்.

16-6-37, புதன்

சலூன்காரனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது என்று பஜாரில் பேச்சு. எனக்கு நானே செய்துகொள்வதுதான் என்றும் வழக்கம். கண்ணாடி முன்னால் நின்று ஒருநாள் முயன்றேன், விட்டுவிட்டேன். சிகாமணி பல தடவை கூப்பிட்டான். அந்த நாற்காலியில் இன்னும் என்னால் உட்கார முடியவில்லை.

20-6-37, ஞாயிறு

காலையில் எத்திராஜம் கடையிலிருந்து கிண்ணியையும் ஒரு கத்தியையும் எடுத்து வந்திருந்தாள். முருங்கை மரத்தடியில் முக்காலியைப் போட்டு, உட்காருங்கள் என்றாள். உனக்கு இந்த வேலை தெரியுமா என்றேன். பிறந்த பிள்ளைக்குக் கொடி அறுக்கிற கை, உங்கள் தோல் அதைவிட மெல்லிசா என்று கேட்டாள். தோல்வாரில் கத்தியைத் தீட்டிய விதத்திலேயே தெரிந்தது, அவள் என்னைப் பல நாள் கவனித்திருக்கிறாள்.

கிண்ணியை என் கையில் கொடுத்தாள். எத்தனையோ பேர் கழுத்தில் இதைப் பொருத்தியிருக்கிறேன். என் கழுத்தில் இன்றுதான். குளிர்ச்சியாக இருந்தது. என் கைகள் ஆட, தண்ணீரும் ஆடியது. அவள் கத்தியோடு நின்றாள்.

"நிக்காதுடி. ஆரம்பி" என்றேன்.

"தெரியும். பேசாதீங்க" என்றாள்.

ஒரு கையால் என் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். அவள் விரலில் விளக்கெண்ணெய் வாசம். மெதுவாகத்தான் செய்தாள். வெயில் மரத்தைத் தாண்டி எங்கள் மேல் விழுகிற வரைக்கும் செய்தாள்.

முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன். சிகாமணி பார்த்தான். யார் செய்தது என்று கேட்கவில்லை. என் தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் கொஞ்சம் மயிர் விட்டுப்போயிருப்பதை விரலால் தொட்டுக் காட்டி, எடுத்துவிடட்டுமா மாமா என்றான்.

அது இருக்கட்டும் என்றேன்.